கடைசி எதிரியைக் கொன்னுடாதீங்க!

"கடைசி எதிரியைக் கொன்னுடாதீங்க, ஒரே ஒரு ரவுண்டு பொறுங்க!"

போன சனிக்கிழமை ராத்திரி எங்கள் மேசையில் எழுந்த கதறல் இது. கதறியவர் எங்கள் கூட்டத்திலேயே தாராள மனசுக்காரர். டீக்கடையில் அடுத்தவரைப் பர்ஸைத் தொடவே விடமாட்டார். அன்று அவர் கையில் இருந்தது குளூம்ஹேவன் என்ற பலகை ஆட்டத்தின் ஸ்கௌண்ட்ரல், அதாவது ஒரு போக்கிரிப் பாத்திரம். அறையின் மூலையில் மூன்று காசு வில்லைகள் கிடந்தன. கடைசி எதிரி செத்தால் அந்த ரவுண்டோடு ஆட்டம் முடிந்துவிடும், பொறுக்காத காசு போனது போனதுதான். சரி என்று பொறுத்தோம். அந்த இடைவெளியில் எதிரி என் பாத்திரமான பிரூட்டைச் சாய்த்துவிட்டான். நஷ்ட ஈடாகக் காசில் பங்கு கேட்டேன். தர முடியாதாம். விதிப்படியே முடியாது, ஒருவர் தங்கத்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

ரோல் பிளேயிங், அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி ஆடுவது, கலந்த போர்டு கேம் என்றால் பலரும் தடித்த கதைப் புத்தகத்தையும் அழகான பொம்மைகளையும்தான் நினைக்கிறார்கள். ஒருவர் அரைப் பக்கக் கதையைச் சத்தமாக வாசிப்பார், இரண்டு பேர் போனை நோண்டுவார்கள். (அதில் ஒருவன் நான்.) கதை கேட்பது வேறு, பாத்திரமாக மாறுவது வேறு.

இந்தக் கலப்பு ஒன்றும் புதிதல்ல. ரோல் பிளேயிங் ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. அதை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம், 1975இலேயே 'டன்ஜன்!' என்று ஒரு பலகை ஆட்டத்தையும் கொண்டுவந்தது. 1989இல் ஹீரோகுவெஸ்ட். அதில் பார்பேரியன், குள்ளன், எல்ஃப், மந்திரவாதி என நான்கு வீரர்கள். ஆனால் பார்பேரியனாக ஆடுபவர் பகடை உருட்டி நடப்பார், பகடை உருட்டி வெட்டுவார். அவனுக்கு என்ன வேண்டும் என்று ஆட்டம் கேட்பதே இல்லை. தாயக்காய்க்கு மீசை வரைந்துவிட்ட மாதிரிதான்.

ஐசக் சில்ட்ரெஸ் வடிவமைத்து 2017இல் வெளிவந்த குளூம்ஹேவன் அந்தக் கேள்வியைக் கேட்கிறது. பெட்டி ஒன்பது பத்துக் கிலோ இருக்கும், ஒவ்வொன்றும் ஓர் ஆட்டமாக 95 களங்கள், 17 கேரக்டர்கள், அதில் ஆரம்பத்தில் கைக்கு வருபவை ஆறு. எனக்கு முக்கியம் இந்தக் கனமல்ல. ஒவ்வொரு களத்துக்கும் முன்னால் ஆளுக்கொரு ரகசிய இலக்கு தருவார்கள், காட்டக் கூடாது. யார் முந்துவது என்று தீர்மானிக்கும் கார்டு எண்ணை வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. "நான் சீக்கிரமே அடிச்சிடுவேன்" எனலாம், அதற்கு மேல் மூச்சு விடக் கூடாது. எல்லோரும் ஒரே அணி, ஆனால் ஆளுக்கொரு தனிக் கணக்கு. இதற்கு மேல் ஒரு வாழ்நாள் லட்சியமும் உண்டு. கூட்டாளிகள் எத்தனை முறை களைத்து விழுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே திரியும் லட்சியம்கூட அதில் இருக்கிறது! லட்சியம் நிறைவேறினால் கேரக்டர் ஓய்வு பெறும், மூடி முத்திரையிட்ட இன்னொரு கேரக்டர் பெட்டியைத் திறக்கலாம். தாயத்தில் காய் பழமாவதுபோல.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஊறியவர்கள் சிரிப்பார்கள். குளூம்ஹேவனில் காவலாளியை வெட்டாமல் பேசிப் பார்க்க முடியுமா? முடியாது. என்ன செய்தாலும் பதில் சொல்ல, ஆட்டத்தை நடத்தும் ஒரு டன்ஜன் மாஸ்டர் இல்லை. வழியில் வரும் நிகழ்வுக் கார்டிலும் இரண்டே தேர்வுகள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னைப் போன்ற கூச்சக்காரனிடம் குரலை மாற்றிப் பேசச் சொன்னால் நெளிவேன். இங்கே நடிக்கவே வேண்டாம். விதியே ஒரு நல்ல மனுஷனைக் கஞ்சனாக்கிவிடுகிறது.

அந்த மூன்று வில்லைகளோடு நண்பரின் தங்கம் சேர்க்கும் லட்சியம் நிறைவேறியது. ஊர் திரும்பியதும் ஸ்கௌண்ட்ரலுக்கு ஓய்வு. ஓய்வு பெற்றால் சேர்த்த தங்கம் அத்தனையும் கைவிட்டுப் போய்விடும். அன்று பொறுக்கிய வில்லைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணாவது தந்திருக்கலாமே" என்றேன்.

"விதி இடம் கொடுக்கலையே, தலைவா" என்றார்.