நடைபாதையில் நடக்கலாமா, சார்?

பஸ்ஸில் போங்கள், மெட்ரோவில் போங்கள், புகை குறையும் என்கிறார்கள். சரி, போகிறேன். சென்னைக்கு மெட்ரோ 2015-லேயே வந்துவிட்டது. ஏசியில் ஜம்மென்று வந்து இறங்குகிறேன். அப்புறம்? ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் பறந்தா போவது?

நடைபாதையில் முதலில் டிரான்ஸ்பார்மர். அடுத்து யாரோ நிறுத்திய கார், உறை போட்டு, பத்திரமாக. அதைத் தாண்டினால் மூடியில்லாத மழைநீர் வடிகால். மிச்சமிருக்கும் ஓரடியில் பின்னாலிருந்து ஒரு பைக் ஆசாமி ஹாரன் அடிக்கிறார், நான் என்னமோ அவர் வீட்டு ஹாலில் புகுந்துவிட்ட மாதிரி! ரோட்டில் இறங்கினால் எதிர்த்திசையில் ஆட்டோ. "பார்த்து வரக்கூடாதா?" என்ற திட்டும் எனக்குத்தான்.

பாண்டி பஜாரில் 2019-ல் அகலமாக நடைபாதை போட்டார்கள். அழகுதான், மறுக்கவில்லை. அதில் நடப்பதற்காக தி.நகருக்குக் குடிபோகவா முடியும்? அங்கே வாடகை யார் கொடுப்பது?