பதிவுப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வேண்டும்தான், ஆனால்...
டிவி நிகழ்ச்சிகளைப் பதிந்து வைத்துப் பிறகு பார்க்க உதவும் பதிவுப் பெட்டி (DVR) பற்றிய இந்தக் கட்டுரையில், "எல்லாமே யூடியூபில் வந்துவிடுகிறது, இனி தொலைக்காட்சிக்குப் பதிவுப் பெட்டி எதற்கு" என்று இருப்பது எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். சின்னப் போன் திரையில் நாடகம் பார்க்க அம்மாவின் கண் இடம் கொடுக்காது. மாலையில் கோயிலுக்குப் போய் வருவதற்குள் அவருடைய தொடர் முடிந்துவிடும். இப்போது ரிமோட்டில் பதியப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போகிறார், வந்து விளம்பரங்களைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறார். டேட்டா காசும் மிச்சம். ஆனால் கட்டுரைக்குக் கீழே வந்த கருத்துகளில் ஒருவர், மின்வெட்டு நேரத்திலும் நிகழ்ச்சி பதிவாகிவிடும் என்று எழுதியிருக்கிறார், அது தவறு. கரண்ட் இல்லையென்றால் பெட்டியும் இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்களே, அப்படியொரு நாளில் இதை வைத்து என்ன செய்வது? கார்த்திகை, மார்கழி மழையில் டிஷ் சிக்னல் விட்டுப்போனால் பதிவிலும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும். எனக்குப் பெரிய வருத்தம் வேறு. எங்கள் முதல் பெட்டி பழுதானதும், பதிவுகள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் போட்டுப் பார்த்தோம், எதுவுமே ஓடவில்லை. இப்படிப் பல பெட்டிகளில் பதிவு பூட்டுப் போட்ட மாதிரி, அதே பெட்டியில்தான் திறக்கும். அப்பா பேசிய பட்டிமன்றம் ஒன்று அதோடு போய்விட்டது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை. சரி, வாங்குவதென்றால் இரண்டு ட்யூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி) உள்ளதா என்று கடையில் கேளுங்கள். ஒன்றுதான் என்றால், ஒரு சேனல் பதிவாகும்போது பெரும்பாலும் இன்னொன்றைப் பார்க்க முடியாது, வீட்டில் சண்டைதான் வரும்.