நின்ற இடத்திலேயே ஜெயிக்க முடியுமா?

மாணவர் ரோபோட்டிக்ஸ் போட்டியின் புது விளையாட்டு வெளியானதும், ஒவ்வொரு அணியிலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ரோபோ எதுக்கு ஓடணும்? ஒரே இடத்துல நின்னு பந்தைப் போட்டா என்ன?" நோகாமல் நுங்கு தின்னப் பார்க்கிறான் என்று நாலு பேர் சிரிப்பார்கள். பேச்சு சக்கரம், கியர் என்று நகர்ந்துவிடும்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை. மாணவர் அணிகளோடு வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அன்று அந்த அறையில் கேட்கப்படும் கேள்விகளில் உருப்படியானது பெரும்பாலும் அதுதான். பதில் கடைசியில் "வேண்டாம்" என்றே வரலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

நிற்கும் ரோபோவின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். எஃப்.ஆர்.சி. என்ற மாணவர் போட்டியில் ஒரு மேட்ச் சுமார் இரண்டரை நிமிடம். அதில் முதல் சில விநாடி தன்னியக்கம், அதாவது ரோபோ தானாகவே ஆடும்; மிச்சம் டிரைவர் கையில். அந்த நேரத்தில் பெரும்பகுதி போக வர ஓடுவதிலேயே கரைகிறது. பொருளை எடுப்பதற்கும் போடுவதற்கும் ஆகும் நேரம் கொஞ்சம்தான். ஓட்டத்தை வெட்டிவிட்டால் எடையும் மிச்சம், மின்சாரமும் மிச்சம். ஒரே 12 வோல்ட் பேட்டரி, ஒரே 120 ஆம்பியர் பிரேக்கர். ஓடும் மோட்டார்கள் அதை உறிஞ்சாவிட்டால், பந்து வீசும் சக்கரமான ஃப்ளைவீல் வேகம் குறையாமல் சுழலும். வெக்ஸ் என்ற இன்னொரு மாணவர் போட்டியில் இந்த லாபம் இன்னும் பளிச்சென்று தெரியும். அங்கே ரோபோவுக்கு மொத்தம் 88 வாட் மோட்டார்தான், அதாவது 11 வாட் மோட்டார் எட்டு. ஓடுவதற்கே பாதியாவது போய்விடும். எஃப்.டி.சி. என்ற மற்றொரு போட்டியிலும் எட்டு மோட்டார்தான், பக்கவாட்டிலும் நகர வைக்கும் மெக்கானம் சக்கரங்களுக்கு அதில் பாதி போகும்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2013 எஃப்.ஆர்.சி. விளையாட்டான அல்டிமேட் அசென்ட்டில் நிஜமாகவே நடந்தது. பறக்கும் டிஸ்க்குகளை இலக்குகளில் வீச வேண்டும். மைதானம் 54 அடி நீளம். ஒரு ரோபோ ஒரு சமயத்தில் நான்கு டிஸ்க் மட்டுமே வைத்திருக்கலாம். எனவே ஓடும் ரோபோ நான்கை வாங்கிக்கொண்டு மைதானத்தைக் கடந்து வீசிவிட்டுத் திரும்பி வர வேண்டும். சில அணிகள் வேறு வழி பிடித்தன. டிஸ்க் தரும் சுவரில் ஒட்டிக்கொண்டு, மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கும் இலக்குக்கு அங்கிருந்தே வீசின. டிஸ்க் உள்ளே வந்ததும் வெளியே போய்விடும் என்பதால் நான்கு என்ற வரம்பு அவற்றைக் கட்டுப்படுத்தவே இல்லை. ஒவ்வொரு டிஸ்க் நுழையும்போதும் வீசும் சக்கரத்தின் ஒலி ஒரு சுருதி இறங்கும், மறுபடி ஏறும், அடுத்தது போகும். அந்த ஒலி ஏற எவ்வளவு நேரம் ஆகிறதோ அதுதான் அந்த ரோபோவின் உண்மையான வேகம்.

அதைவிட முக்கியமானது, டிஸ்க் வாங்கும் பகுதியில் நிற்கும் ரோபோவை எதிரணி தொட்டால் ஃபவுல். நின்று ஆடுபவருக்கு விதியே காவல் இருந்தது.

சரி, அப்படியென்றால் எல்லோரும் ஏன் அதைச் செய்யவில்லை?

முதல் காரணம், தொடக்கூடாது என்றாலும் மறைக்கலாம். மைதானத்தின் ஒரு பகுதியில் மட்டும் ரோபோ 84 அங்குலம் வரை உயரலாம் என்று விதி இருந்தது, மற்ற இடங்களில் 60. எதிரணிகள் உயரமான தடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து டிஸ்க்கின் பாதையில் நின்றன. ஓடும் ரோபோ இரண்டடி நகர்ந்து வேறு கோணம் பிடிக்கும். நிற்கும் ரோபோவுக்கு ஒரே ஒரு கோணம். அதை மறைத்தால் அதன் மேட்ச் அங்கேயே முடிந்தது.

இரண்டாவது, தூரம். 50 அடி தள்ளியிருக்கும் இலக்குக்கு வீசும்போது ரோபோ ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால், டிஸ்க் பத்து அங்குலத்துக்கு மேல் விலகிப் போகும். மேட்ச் தொடங்கும் பரபரப்பில் ரோபோவை வைப்பதிலேயே அந்த ஒரு டிகிரி தப்பலாம். நம் பக்கம் ஆடும் இன்னொரு ரோபோ போகிற போக்கில் உரசினாலும் போச்சு. காவல் விதி எதிரணியைத்தான் தடுக்கும், நம் கூட்டாளியை இல்லையே. ஆகவே "நகரவே நகராது" என்று ஆரம்பித்த வடிவமைப்பும் கடைசியில் திரும்பவாவது ஒரு வழி கேட்கும்.

மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது. நிற்கும் ரோபோ ஓட்டத்தை ஒழிப்பதில்லை, வேறு யார் தலையிலாவது கட்டுகிறது. அல்டிமேட் அசென்ட்டில் அந்த ஓட்டத்தைக் காற்று சுமந்தது. இன்னொரு விளையாட்டில் சுவருக்குப் பின்னால் நின்று பொருள் தரும் மாணவர் சுமப்பார். அதுவும் இல்லை என்றால் கூட்டாளிகள் சுமக்க வேண்டும். எஃப்.ஆர்.சி.யில் மூன்று ரோபோ சேர்ந்ததுதான் கூட்டணி. தகுதிச் சுற்றில் கூட்டாளிகளை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அட்டவணை தருவதுதான். உங்கள் ரோபோவுக்குப் பொருள் கொண்டுவந்து கொடுக்கத் தெரியாத இரண்டு பேர் வந்து சேர்ந்தால், அந்த மேட்சில் நீங்கள் விலை உயர்ந்த மரச்சாமான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே 2013-இல் தூரத்திலிருந்து வீசித் தவறிய டிஸ்க்குகள் இலக்கின் அருகே தரையில் சிதறிக் கிடக்கும். தரையிலிருந்து எடுக்கத் தெரிந்த கூட்டாளிக்கு அது விருந்து. ஒருவர் தப்பவிட்டதை இன்னொருவர் பொறுக்கிப் போடுவார். அப்படிப் பொருத்தம் அமைந்தால் நிற்கும் ரோபோவைப் போல நல்ல துணை இல்லை. பிளே-ஆஃப் சுற்றுக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கும் கேப்டன் இதைத்தான் பார்ப்பார். அந்த மேடைவரை போய்ச் சேர்வதுதான் சிரமம்.

விளையாட்டின் விதிகளே இந்த எண்ணத்தை மூடிவிடுவதும் உண்டு. 2025 எஃப்.ஆர்.சி. விளையாட்டான ரீஃப்ஸ்கேப்பில், தன்னியக்க நேரத்துக்கான தரவரிசைப் புள்ளி கிடைக்க வேண்டுமானால், களத்தில் இருக்கும் நம் கூட்டணி ரோபோக்கள் எல்லாமே தொடக்கக் கோட்டை விட்டு நகர வேண்டும், கோரல் எனப்படும் குழாய் ஒன்றாவது போட்டிருக்க வேண்டும். ஒரு ரோபோ நகராவிட்டால் மூன்று அணிகளுக்கும் அந்தப் புள்ளி போச்சு. போதாக்குறைக்கு, ரோபோ தன் சட்டகத்துக்கு வெளியே 18 அங்குலம்தான் நீளலாம். அங்கே நின்று ஆடும் பேச்சுக்கே இடமில்லை.

2015 ரீசைக்கிள் ரஷ் நேர் எதிர். எதிரணியின் பக்கம் போகவே முடியாது, ஆகவே இடிப்பும் தடுப்பும் இல்லை. தகுதிச் சுற்றின் தரவரிசையும் வெற்றி தோல்வியை வைத்து இல்லை, சராசரிப் புள்ளியை வைத்து. ஆறு டப்பா அடுக்கி, மேலே ஒரு தொட்டி வைத்து, அதில் ஒரு குழல் செருகினால் 42 புள்ளி. டப்பாக்கள் சுவரிலிருந்து வரும். சில அணிகள் ரோபோவோடு கயிறால் கட்டிய சாய்தளத்தைச் சுவரருகே விட்டுவிட்டு, அதன் முன்னாலேயே நின்று அடுக்கின. முடிந்த அடுக்கை மேடையில் வைக்க மட்டும் நகர வேண்டும்.

என் கட்சி இதுதான்: முழுக்க நிற்கும் ரோபோ வேண்டாம், கொஞ்சமாக நகரும் ரோபோ செய்யுங்கள். ஆனால் நிற்கும் ரோபோவாக நினைத்தே வடிவமையுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரும்பும் ஸ்வெர்வ் சக்கரத்துக்கு அலைய வேண்டாம். கிட்டில் வரும் சாதாரண ஆறு சக்கர அடிச்சட்டம் போதும். அது கோட்டைத் தாண்டும், சுவரோடு சேர்ந்து நிற்கும், உரசினால் திரும்பி நேராகும், மறைத்தால் இரண்டடி தள்ளிப் போகும். மிச்சமாகும் வாரங்களை எல்லாம் வீசும் பாகத்தில் போடுங்கள்.

பிள்ளைகள் ஓட்டக் கற்றுக்கொள்ளமாட்டார்களே என்று சிலர் கேட்பார்கள். ஓட்டலாம், எதற்கு ஓட்டுகிறோம் என்று தெரிந்து ஓட்டினால் இன்னும் நல்லது. நகராமல் ஆடுவது கௌரவக் குறைச்சல் என்ற வாதத்துக்கும் பழைய பதில் ஒன்று இருக்கிறது. 2002 எஃப்.ஆர்.சி.யில் 71-ஆம் எண் அணி, களத்தில் இருந்த நகர்த்தக்கூடிய மூன்று கோல்களையும் பிடித்துக்கொண்டு, யாராலும் தள்ள முடியாதபடி அங்குலம் அங்குலமாக ஊர்ந்தே சாம்பியன் ஆனது.

அப்புறம் ஒரு விஷயம். இந்த வழியில் போகும் அணிக்கு டிரைவரைவிட முக்கியமானவர், சுவருக்குப் பின்னால் நின்று பொருளைத் தருபவர். டிரைவருக்கு வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்துவிட்டு, பொருள் தருபவரைப் போட்டி அன்று காலையில் "நீ போய் நில்லுப்பா" என்று அனுப்பும் அணிகளைப் பார்த்திருக்கிறேன். ஃப்ளைவீல் ஒலி முழுசாக ஏறுவதற்குள் அடுத்ததைத் தள்ளினால் அது பாதி வழியில் விழும். தாமதித்தால் சக்கரம் சும்மா சுற்றும். ரோபோவின் முதல் மாதிரி தயாரான அன்றே ஒரு பலகையில் பொருள் தரும் துளையை வெட்டி, அவரை அதன் முன்னால் நிறுத்திவிடுங்கள்.