எங்கள் ரிப்போர்ட்டில் வந்த மூன்றாவது பதில்

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குச் சித்தி மகள் போன் செய்தாள். அவளுக்குப் பதினாறாவது வாரம் நடக்கிறது. "அக்கா, பனிக்குடத்துல ஊசி போட்டு நீர் எடுக்கோணும்கறாங்க. நீயும் பண்ணுனயில்ல? ரொம்ப வலிக்குமா?" என்றாள். வலியைப் பற்றிச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மற்றதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது மணி ஒன்று. போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. இதையெல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்று ஆற்றாமையாக இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாக வரும். கர்ப்பமாக இருப்பவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் படியுங்கள். இந்தப் பரிசோதனைகளை எழுதிக்கொடுக்கும் டாக்டர்கள் யாராவது என் நட்புப் பட்டியலில் இருந்தால் நீங்களும் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

எனக்குப் பன்னிரண்டாவது வாரத்து ஸ்கேனில் குழந்தையின் பின்கழுத்தில் தேங்கியிருந்த நீர் 3.7 மில்லிமீட்டர் இருந்தது. 3.5-ஐத் தொட்டாலே மேற்கொண்டு பார்க்கச் சொல்வார்கள். இந்த அளவு கூடியிருந்தும் குரோமோசோம் சரியாக இருந்து, பின்னால் எடுத்த ஸ்கேன்களும் சரியாக இருந்து, நல்லபடியாகப் பிறக்கும் குழந்தைகள் நிறைய. அதை யாரும் அன்றைக்குச் சொல்லவில்லை. "ஊசி போட்டுப் பார்த்துடலாம், தெரிஞ்சிடும்" என்றார்கள். தெரிஞ்சிடும் என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் போனோம்.

சித்தி மகளுக்கு ஒரு சந்தேகம், கையில் ரத்தம் எடுத்தே பார்க்கிறார்களே, அது போதாதா என்று. அந்த ரத்தப் பரிசோதனை சல்லடை மாதிரி. டவுன் சிண்ட்ரோமுக்கு நன்றாகவே சலித்துத் தரும். ஆனால் குரோமோசோமில் சின்னத் துண்டு குறைவதால் வரும் அரிய கோளாறுகள் விஷயத்தில் அது "இருக்கிறது" என்று காட்டுவது பல நேரம் தவறாகப் போகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2022 ஏப்ரலில் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அந்த முடிவை மட்டும் வைத்துக்கொண்டு கர்ப்பத்தைக் கலைக்கும் முடிவுக்குப் போகக் கூடாது, உறுதிசெய்யப் பனிக்குட நீர் மாதிரி ஒரு பரிசோதனை வேண்டும். அந்த ஊசியால் கரு கலையும் ஆபத்து, கைதேர்ந்தவர்கள் செய்தால், ஆயிரத்தில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் என்கிறார்கள்.

ஊசி போட்ட நாலாம் நாள் முதல் முடிவு வந்துவிட்டது. 13, 18, 21 மூன்று குரோமோசோமும் சரி. ஆணா பெண்ணா என்பது மட்டும் கிடையாது, 1994-ஆம் வருஷச் சட்டப்படி சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. அத்தை அன்றைக்கே பண்ணாரிக்குப் போய்விட்டு வந்தார். நானும் முதன்முறையாக அந்த வாரம் வயிறு நிறையச் சாப்பிட்டேன். மைக்ரோஅரே என்று ஒன்றுக்கும் பணம் கட்டியிருந்தது எனக்கு மறந்தேபோய்விட்டது. குரோமோசோமில் மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாத சின்னச்சின்னக் கூடுதல் குறைவுகளைக்கூடக் காட்டும் பரிசோதனை அது.

அது பத்தொன்பதாவது வாரத்தில், ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப்.ஆக வந்தது. லேபிலிருந்து ஒரு போன்கூட இல்லை. டாக்டருடைய எண் திங்கட்கிழமைவரை எடுக்கவில்லை. ஐந்து பக்கம். புரிந்த வரி ஒன்றே ஒன்றுதான், 22-ஆம் குரோமோசோமில் 22க்யூ11.2 என்கிற இடத்தில் கூடுதல். நம் ஒவ்வொருவருக்கும் அந்தப் பகுதி அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி இருக்கும். டி.என்.ஏ. எழுத்துக் கணக்கில் சுமார் முப்பது லட்சம் எழுத்து நீளம். என் குழந்தைக்கு மூன்று பிரதி. அதனால் என்ன ஆகும் என்ற இடத்தில், ஒன்றுமே ஆகாமல் இருக்கலாம், பேச்சு தாமதிக்கலாம், படிப்பில் பின்தங்கலாம், தசை தளர்ந்திருக்கலாம், இதயத்திலோ அண்ணத்திலோ குறை இருக்கலாம், ஆளுக்கு ஆள் மாறும் என்று போட்டிருந்தது.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு பதில் வரும் என்றுதான் நாங்கள் ஊசிக்குச் சம்மதித்தோம். மூன்றாவதாக இப்படி ஒரு பதில் வரும் என்று ஊசிக்கு முன்னால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என் கோபம் முழுக்க அதன் மேல்தான். ஏதோ புதிதாக நடந்த அதிசயமும் இல்லை இது. 2012-ல் அமெரிக்காவில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் மைக்ரோஅரே செய்துபார்த்து வெளியிட்ட ஆய்விலேயே, பொருள் தெளிவாகச் சொல்ல முடியாத மாற்றங்களும் வந்தன என்று எழுதியிருக்கிறார்கள். பரிசோதனைக்குப் பணம் கட்டச் சொல்லும்போது அதைச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகுமா?

திங்கட்கிழமை டாக்டர் ரிப்போர்ட்டை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "ரிஸ்க் எடுக்க வேண்டாம்மா, சின்ன வயசுதானே, அடுத்தது பாத்துக்கலாம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. தனக்குத் தெரியாத ஒன்றின் முன்னால் அவருக்கும் பயம். ஆனால் அந்தப் பயத்தை அறிவுரையாக என்னிடம் கொடுத்தார். அந்த வாரம்தான் குழந்தை முதன்முதலாக அசைந்தது. கெளுத்தி மீன் புரள்வதுபோல இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

மரபியல் டாக்டர் ஒருவரைப் பார்க்க நாலு மணி நேரம் பஸ்ஸில் போனோம். அவர் ரிப்போர்ட்டைப் பிரிக்குமுன் எங்களைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பிறகு தாளில் படம் வரைந்து நாற்பது நிமிஷம் பேசினார். கடைசியில், "இந்தக் குழந்தை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. யாராலயும் இப்பச் சொல்ல முடியாது. ஆனா எதெது தெரியும், எதெது தெரியாதுன்னு பிரிச்சுச் சொல்றேன்" என்றார். ஒரு டாக்டர் வாயிலிருந்து தெரியாது என்ற சொல்லைக் கேட்டு எனக்கு ஏன் அவ்வளவு அழுகை வந்ததென்று தெரியவில்லை. அந்த மூன்று வாரத்தில் முதன்முதலாக என்னிடம் யாரோ உண்மை பேசினார்கள்.

இனி என்ன செய்வது என்று கேட்டதும் அவர் இரண்டு விஷயம் செய்யச் சொன்னார். குழந்தையின் இதயத்துக்குத் தனியாக எக்கோ. எங்கள் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை. இந்தக் கூடுதல் பெரும்பாலும் பெற்றோர் ஒருவரிடமிருந்து வருவதாம். எக்கோ இருபத்தொன்றாவது வாரத்தில் எடுத்தோம், நாலு அறையும் வால்வுகளும் சரி. ரத்தத்தின் முடிவு இருபத்திரண்டாவது வாரத்தில் வந்தது.

என் வீட்டுக்காரருக்கு இருக்கிறது.

அவர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். ரிப்போர்ட் மத்தியானம் வந்தது. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்து, "எங்கம்மா வயித்துல இருந்தப்ப இந்த டெஸ்ட் எடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த சில நாட்கள் நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் உறுத்துகிறது. அவருடைய பழைய போட்டோக்களை எடுத்துக் கண், காது, முகவாய் என்று பார்த்தேன். அத்தையிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோல், சின்ன வயசில் எப்போது நடந்தார், எப்போது பேசினார் என்று கேட்டேன். "மூணு வயசு வரைக்கும் வாயே தெறக்கல கண்ணு. அப்பறம் பேச ஆரமிச்சவன்தான், நிறுத்தவே இல்ல" என்று சிரித்தார். அவருக்கு விஷயம் தெரியாது. அதுவரை எங்கள் வீட்டில் கதையாக இருந்தது, அன்றைக்கு எனக்கு நோய்க்குறியாகத் தெரிந்தது. எட்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தேன்.

மரபியல் டாக்டர் போனில் சொன்ன ஒன்றுதான் என்னை நிறுத்தியது. இந்த மாற்றத்தைப் பற்றிப் புத்தகங்களில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் ஏதோ பிரச்சினை என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைச் சோதித்து எழுதியது. நன்றாக இருப்பவர்கள் எதற்குச் சோதிக்கப் போகிறார்கள்? என் வீட்டுக்காரர் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. டென்மார்க்கில் நோயாளிகளை மட்டும் பார்க்காமல் மக்கள்தொகை அளவில் கணக்கெடுத்தபோது சுமார் 1,600 பேரில் ஒருவருக்கு இந்தக் கூடுதல் இருந்தது. எங்கள் பக்கம் பெரிய கல்யாணங்களுக்கு இரண்டாயிரம் இலை போடுவார்கள். அந்தப் பந்தியில் ஒருவர் இந்த மூன்றாவது பிரதியோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அதற்காக ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை. அப்பாவுக்கு லேசாக இருந்தது பிள்ளைக்குக் கூடுதலாகவும் வரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இதற்கிடையில் இன்னொரு கேள்வி எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. சொந்தத்தில் கட்டினீர்களா? இல்லை, நாங்கள் அசல். சொந்தத்துக்குள் கல்யாணம் அதிகம் நடக்கும் மாநிலம் நம்முடையது, 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 28. அப்பா அம்மா இருவரிடமும் ஒரே பழுதுள்ள மரபணு மறைந்திருந்து பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து வரும் நோய்களுக்குச் சொந்தத்தில் கட்டுவது வாய்ப்பைக் கூட்டும், அது நிஜம். இது அந்த வகை கிடையாது. ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், யாரிடமிருந்தும் வராமல் கருவில் புதிதாகவும் உண்டாகலாம். ஆனால் கேட்பவர்களுக்கு விளக்கமா வேண்டும்? யார் பக்கத்துக் குறை என்று தெரிந்தால் போதும். எங்கள் வீட்டில் அத்தைக்குச் சொல்வதா வேண்டாமா என்பதே ஒரு வாரம் ஓடியது. கடைசியில் இவரே சொன்னார். அத்தை ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எங்கிட்ட இருந்துதான் வந்துருக்கோணும்" என்றார். மாமனாரிடமிருந்தும் வந்திருக்கலாம் அத்தை என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

வாரங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2021-ல் திருத்திய சட்டப்படி, கருவுக்குக் கடுமையான குறை வரும் ஆபத்து இருந்தால் இருபதிலிருந்து இருபத்துநாலு வாரத்துக்குள் இரண்டு டாக்டர்கள் ஒப்புதலோடு கலைக்கலாம். அதைத் தாண்டினால், கணிசமான குறை என்று மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும். எங்கள் கையில் முழு விவரமும் வந்தபோது இருந்தது பத்து நாளோ பன்னிரண்டு நாளோ. அதே வாரம் சொந்தக்காரர்கள் வளைகாப்புக்கு நாள் பார்த்தாயிற்றா என்று போன் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு போனை வைத்துவிட்டு இன்னொன்றில் மருத்துவ வாரியம் பற்றி விசாரித்தேன்.

அந்தப் பன்னிரண்டு நாள் இருபத்தாறு நாளாக இருந்திருக்க முடியும். ஊசி போட்ட அன்றைக்கே எங்கள் இருவர் ரத்தத்தையும் எடுத்து வைத்திருந்தால், ரிப்போர்ட்டில் கேள்வி எழுந்ததும் உடனே பார்த்திருக்கலாம். இதைத்தான் சித்தி மகளிடம் முதலில் சொன்னேன், அன்றைக்கே கேளு, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போ என்று. அப்புறம், இந்தப் பரிசோதனை எதையெதையெல்லாம் சொல்லக்கூடும், தெளிவில்லாத முடிவு வந்தால் எங்களோடு உட்கார்ந்து பேசப்போவது யார் என்று ஊசிக்கு முன்னால் கேளு என்றேன். தெளிவில்லாத மாற்றங்களைத் தெரிந்துகொள்ள வேண்டுமா வேண்டாமா என்பதையும் முன்னாலேயே பேசி முடிவுசெய்ய வாய்ப்பு வேண்டும். அதற்கும் நமக்கு உரிமை உண்டு. லேப்காரர்கள் ஐந்து பக்கத்தோடு தமிழில் ஒரு பக்கம் சேர்த்தால் குறைந்தா போய்விடுவார்கள்? எங்களிடம் வாங்கிய காசு முப்பதாயிரத்தை நெருங்கியது.

நாங்கள் தொடர்வது என்று முடிவுசெய்தோம். அந்த முடிவுக்குத் துணிச்சல் என்று பெயர் வைக்காதீர்கள். எக்கோ சரியாக இருந்தது, குழந்தைக்கு இருப்பதையே வைத்துக்கொண்டு வாழும் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார், சம்பளம் இருந்தது, அத்தை இருந்தார். அதே மரபியல் டாக்டரின் வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இதில் எதுவுமே இல்லை. அவள் குழந்தைக்கு ஸ்கேனிலேயே பெரிய குறைகள். அவள் வேறு முடிவு எடுத்தாள். டோக்கனுக்குக் காத்திருந்த மூன்று மணி நேரமும் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். என் பதிவைக் காட்டி அவளைப் போன்ற ஒருத்தியிடம் "பார், இவர்கள் பெற்றுக்கொள்ளவில்லையா" என்று யாராவது கேட்டால், அவர்கள் நான் எழுதியதைப் படிக்கவே இல்லை என்று அர்த்தம்.

பாப்பாவுக்கு இப்போது இரண்டு வயது எட்டு மாதம். பதினைந்தாவது மாதத்தில் நடந்தாள். சொற்கள் குறைவுதான், முப்பது முப்பத்தைந்து இருக்கும். அது அந்த மூன்றாவது பிரதியாலா, அப்பாவைப்போல மெதுவாகப் பேசும் சுபாவமா என்று கேட்டால் இன்றைக்கும் அதே பதில்தான், தெரியாது. அது தெரிகிறவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்பது மட்டும் தெரியும். வளர்ச்சி தாமதிக்கும் குழந்தைகளுக்காக அரசு மாவட்டந்தோறும் வைத்திருக்கும் டி.இ.ஐ.சி. மையத்துக்குப் போன மாதம் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனோம். காசு கிடையாது.

அங்கே பதிவுப் படிவத்தில், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். இவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டுக் கையெழுத்தில் "தந்தைக்கு உண்டு. கணித ஆசிரியர்" என்று எழுதினார். பாப்பா அவர் மடியில் உட்கார்ந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.