சிரித்த குற்றத்துக்கு ஒரு வாக்குமூலம்

ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்தில் நடந்த உலக சினிமா கூட்டத்தைப் பற்றி நான் மீண்டும் விளக்கத் தேவையில்லை. என் பேச்சிலிருந்து ஒரு துண்டை வெட்டி யாரோ பதிவிட்டதையும், அதற்குக் கீழே நடந்த கூத்தையும் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். 1998இல் வந்த 'ரஷ் ஹவர்' படத்தைப் பற்றிப் பேசினேன். ஜாக்கி சானும் கிறிஸ் டக்கரும் வேண்டாவெறுப்பாக ஜோடி சேர்ந்து, அடிதடியும் சிரிப்புமாக ஒரு சிறுமியை மீட்கும் போலீஸ் படம் அது. நான் செய்த குற்றம் இவ்வளவுதான்.

"மீனவர்கள் அன்றாடம் கடலில் பிடிபட்டுக்கொண்டிருக்கும் ஊரிலிருந்து வரும் உங்களுக்கு இந்தப் படம்தான் கிடைத்ததா? மனம் மரத்துவிட்டதா தோழர்?" என்று வெளியூரிலிருந்து வந்திருந்த நண்பர் கேட்டார். கேட்டதில் கூட எனக்கு வருத்தமில்லை. அதற்கு எழுந்த கைதட்டல்தான் உறுத்துகிறது. தட்டியவர்களில் பாதிப் பேர் என் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டவர்கள்.

எனக்கு அந்தப் படம் பிடிக்கும். பார்த்தால் சிரிப்பேன். இதற்கு யாருக்கும் விளக்கம் தர வேண்டிய கடமை எனக்கில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

லாஸ் ஏஞ்சல்ஸில் சீனத் தூதரின் மகளைக் கடத்திவிடுகிறார்கள். அவளைத் தேட ஹாங்காங்கிலிருந்து லீ என்ற இன்ஸ்பெக்டர் (ஜாக்கி சான்) வருகிறார். அவர் வருவதை அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அதிகாரிகள் விரும்பவில்லை. அவரை வழக்குப் பக்கமே விடாமல் ஊர் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. தன் மேலதிகாரிக்கே பிடிக்காத உள்ளூர்ப் போலீஸ்காரர் கார்ட்டரை (கிறிஸ் டக்கர்) அந்த வேலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். யாருக்கும் வேண்டாத இரண்டு பேரை ஒரே வண்டியில் ஏற்றிவிடுவதுதான் இந்த வகைப் படங்களின் சூட்சுமம். 1982இல் வந்த '48 ஹவர்ஸ்' படத்தில் ஒரு போலீஸ்காரரையும் ஒரு சிறைக்கைதியையும் அப்படித்தான் ஏற்றிவிட்டார்கள். இதில் கலை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள், தயவுசெய்து கண்காட்சி அரங்கில் நடக்கும் அந்தச் சண்டையை ஒருமுறை பாருங்கள். சுற்றிலும் ஆளுயரச் சீன ஜாடிகள் நிற்கின்றன, அத்தனையும் பழம்பொருள்கள். ஜாக்கி சான் எதிரியை அடிக்கவும் வேண்டும், சாயும் ஜாடியைத் தாங்கவும் வேண்டும். முகத்தில் கோபமும் பதற்றமும் மாறி மாறி வந்துபோகின்றன. நாலு பேர் பறந்து விழும் சண்டையை எவரும் எடுத்துவிடலாம்; அடிப்பவரின் கவலை முழுவதும் ஒரு ஜாடியின் மேல் இருக்கும்படி எடுப்பதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

இது வணிகப் படம், இதைப் போய் உலக சினிமா மேடையில் பேசலாமா என்கிறார்கள். நீங்கள் கையெடுத்துக் கும்பிடும் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1949இல் எடுத்த 'ஸ்ட்ரே டாக்' படத்தில், துப்பாக்கியைப் பறிகொடுத்த இளம் துப்பறிவாளரும் அனுபவம் மிக்க மூத்தவரும் சேர்ந்துதான் கொளுத்தும் வெயிலில் டோக்கியோவைச் சுற்றுகிறார்கள். அதே ஜோடி ஜப்பானில் கறுப்பு வெள்ளையில் வேர்த்து விறுவிறுத்தால் காவியம், ஹாலிவுட்டில் சிரித்துவிட்டால் குப்பை. நல்ல நியாயம்! படத்தில் இனத்தை வைத்துச் செய்யும் நகைச்சுவை சில இடங்களில் நெளிய வைக்கிறது என்றார் ஒருவர். உண்மைதான், அந்த இடங்களில் நானும் நெளிந்திருக்கிறேன்.

சாத்தான்குளத்துக்குப் பிறகும் போலீஸ் படம் பார்த்துச் சிரிக்க முடிகிறதா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். கேட்கப்பட்டவற்றில் மதிக்கத்தக்க கேள்வி இது ஒன்றுதான். 2020இல் அங்கே போலீஸ் காவலில் அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் நேர்ந்த சாவை நான் மறக்கவில்லை. 2011 செப்டம்பர் 11 அன்று நம் மாவட்டத்துப் பரமக்குடியில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டையும் மறக்கவில்லை. சோதனைச் சாவடியில் என் அப்பாவின் சைக்கிளை நிறுத்தி, கேட்ட கேள்விக்கு உடனே பதில் வரவில்லை என்று கன்னத்தில் அறைந்ததை, பின்னால் மீன்கூடையைப் பிடித்தபடி உட்கார்ந்து பார்த்தவன் நான். அதனால்தான் தங்கச்சி, மேலதிகாரிகள் முட்டாளாகும் போலீஸ் படம் எனக்கு இனிக்கிறது. கதாநாயகன் மீசையை முறுக்கிக்கொண்டு விசாரணையே இல்லாமல் சுட்டுத் தள்ளும் நம்மூர்ப் படங்களுக்கு விசில் அடித்தவர்கள் அந்த அரங்கிலேயே இருந்தார்கள். அவர்களிடம் யாரும் சாத்தான்குளத்தைப் பற்றிக் கேட்கவில்லையே.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது தங்கச்சிமடத்தில், மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 வந்துவிட்டால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். (இப்போது 61 நாள், 2017க்கு முன்பு 45 நாள்தான்.) அந்த வருடம்தான் அப்பா கடலில் பிடிபட்டுச் சிறையிலிருந்து திரும்பியிருந்தார். யாரோடும் அதிகம் பேச மாட்டார். மாமா தமிழ்க் குரல் சேர்த்த சிடி ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து, தொலைக்காட்சிப் பெட்டியை முற்றத்துக்குத் தூக்கி வந்து வைத்தார். படம் முடிந்து, நடிகர்கள் சொதப்பிய காட்சிகள் ஓடத் தொடங்கியபோது தமிழ்க் குரல் நின்றுபோய் ஆங்கிலம் மட்டும் கேட்டது. ஜாக்கி சான் ஆங்கில வசனத்தில் தடுக்கி விழுகிறார், கிறிஸ் டக்கர் சீன மொழியில் தடுக்கி விழுகிறார். அப்பா அதுவரை மென்றுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தப்பாப் பேசுனதுக்கும் சம்பளம் உண்டாடா?" என்று கேட்டார். மாமா புரையேறும்படி சிரித்தார். அப்பாவும் சிரித்தார். "அந்தக் கடைசியைத் திரும்பப் போடு" என்றார்.

மரத்துப்போன மனம் என்று சொன்னீர்களே நண்பரே, அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் சொன்னீர்கள்.

உண்மையில் உங்கள் சிக்கல் அந்தப் படம் அல்ல என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் கடற்கரையிலிருந்து உங்களுக்கு வர வேண்டியது சோகம் மட்டும்தான். ஆவணப்படம் எடுக்க வருகிறவர்களைச் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். தனுஷ்கோடியில், 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் முன்னால் என் பெரியம்மாவை நிறுத்திவைத்து, "சிரிக்காதீங்கம்மா, கொஞ்சம் கடலைப் பாருங்க" என்றார் ஒருவர். சங்கு மாலை விற்க வந்த பெரியம்மாவுக்கு அன்றைக்குக் கடலைப் பார்க்க ஒரு காரணமும் இல்லை. கேமராவைப் பார்த்ததும் வெட்கத்தில் சிரிப்புதான் வந்தது. சிரித்த பாகத்தை நிச்சயம் வெட்டியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என் பேச்சையும் அப்படித்தான் வெட்டினீர்கள். படகுகள் பறிபோவதைப் பற்றி நான் பேசிய இடத்தை மட்டும் வைத்திருந்தால் இந்நேரம் ஆளுக்கொரு கண்ணீர்ப் பொம்மை போட்டிருப்பீர்கள்.

துயரத்தையும் கேலியையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1987இல் வந்த 'லெத்தல் வெப்பன்' படத்தின் நாயகர்களில் ஒருவர் மனைவியை இழந்தவர். கடற்கரையில் ஒரு வண்டி வீட்டில் தனியாக வாழ்ந்துகொண்டு, துப்பாக்கியை வாயில் வைத்துப் பார்க்கிறவர். அதுவும் இரண்டு போலீஸ்காரர்கள் ஜோடி சேரும் அடிதடிச் சிரிப்புப் படம்தான். அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால் அதைப் பற்றித்தான் பேசுவேன். அழைக்க மாட்டீர்கள் என்பதும் தெரியும். ஒருவேளை அழைத்தால், நோட்டீசில் 'உலக சினிமா' என்றே போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. பேச்சை மட்டும் முழுசாகப் பதிவேற்றுங்கள்.