ஊசிக்குப் பிள்ளையைக் கொண்டுபோன அம்மம்மா செய்ததில் ஒரு பிழையும் இல்லை

அந்த வொய்ஸ் கட் இந்தக் கிழமை எல்லோருடைய வட்ஸ்அப்பிலும் வந்து போய்விட்டது. இங்கே திரும்பப் போட மாட்டேன். ஒரு வயதுப் பேரப்பிள்ளையோடும் ஊசி விவரம் பதிகிற றெட் புக்கோடும் சேர்ஜரிக்கு (ஜீபி டொக்டரின் நிலையத்துக்கு) ஊசி போடப் போன ஒரு அம்மம்மாவை, "தாய் தகப்பன் வரவேணும்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவ வாசலில் நின்று மகளுக்கு அனுப்பிய குரலை யாரோ ஊர் முழுக்கக் கேட்கவிட்டிருக்கிறார்கள். அதைவிட எனக்கு வலித்தது கீழே வந்த கொமன்ற்ஸ். "பெத்தவளுக்கு அரை நாள் லீவு எடுக்கேலாதோ?" "ஊரிலயிருந்து வந்த மனுசிக்கு என்ன தெரியும்?" "இங்கிலீஸ் கதைக்கத் தெரியாட்டி ஏன் போறா?" எழுதியவர்களில் பலர் எனக்குத் தெரிந்தவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள்.

முதலில் விதியைச் சொல்கிறேன். பிள்ளைக்குத் தடுப்பூசி போடும்போது தாயோ தகப்பனோ பக்கத்தில் நிற்கவேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் இல்லை. சம்மதம் வேண்டும், அவ்வளவுதான். பெற்றோர் உரிமை உள்ளவர் சம்மதம் கொடுத்துவிட்டார் என்று நேர்ஸுக்குத் திருப்தி இருந்தால், பிள்ளையை அம்மம்மா கொண்டுவரலாம், அப்பப்பா கொண்டுவரலாம், பிள்ளை பார்ப்பவர் கொண்டுவரலாம். நேர்ஸ்மார் எல்லோரும் பார்த்து வேலை செய்கிற, அரசின் தடுப்பூசி வழிகாட்டியான கிறீன் புக்கிலேயே, சம்மதம் பற்றிய அத்தியாயத்தில் இது இருக்கிறது. சம்மதம் எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. வாயால் சொன்னாலும் செல்லும், போனில் சொன்னாலும் செல்லும்.

அந்த மனுசியின் கையில் போன் இருந்தது. மகளுக்கு ஒரு அழைப்பு எடுத்து, "உங்கட அம்மா பிள்ளையோட வந்திருக்கிறா, இன்றைக்கு இன்னின்ன ஊசி, சம்மதமா?" என்று கேட்டுக் கணினியில் பதிந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அந்த ஒரு அழைப்பை எடுக்காமல் விட்டதுதான் இங்கே நடந்த பிழை. லீவு எடுக்காத தாயின் பிழை இல்லை, ஆங்கிலம் தெரியாத கிழவியின் பிழை இல்லை.

விதி எப்படி இருந்தாலும் வாசலில் நின்று வாதாட எல்லோராலும் முடியாது. அதனால் அம்மம்மாவை அனுப்புகிறவர்கள் இதைச் செய்து வையுங்கள். ஒரு தாளில் பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, என்எச்எஸ் இலக்கம், கொண்டுவருபவரின் பெயர், எந்த ஊசிகளுக்குச் சம்மதம் என்பது, அந்த நேரத்தில் உங்களைப் பிடிக்கக்கூடிய போன் இலக்கம். கீழே கையெழுத்து, தேதி. "ஊசி போடச் சம்மதம்" என்று மொட்டையாக எழுதாமல் ஊசியின் பெயர்களை எழுதுங்கள், ஏனென்றால் கேள்வி வருவது அங்கேதான். இப்போது ஒரு வயதில் மூன்று ஊசி: ஒன்று எம்எம்ஆர்வி, அதாவது சின்னமுத்து (மீசில்ஸ்), கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான எம்எம்ஆரோடு கொப்புளிப்பானும் சேர்ந்தது. மற்ற இரண்டும் நியூமோகொக்கல், மென் பீ. புக் பண்ணும்போதே "பாட்டிதான் கொண்டுவருவா, குறித்து வையுங்கள்" என்றும் சொல்லிவிடுங்கள். கையெழுத்து யாருடையது என்றும் பார்க்கவேண்டும். தாய்க்கு எப்போதும் உரிமை உண்டு. தகப்பனுக்கு, தாயை மணந்திருந்தால் உண்டு. மணக்காவிட்டாலும் 2003 டிசம்பர் 1க்குப் பிறகு பதிந்த பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் இருந்தால் உண்டு. அம்மம்மா கொண்டுபோகலாம், ஆனால் தானாகச் சம்மதம் கொடுக்க முடியாது. இந்த இரண்டையும் குழப்பித்தான் றிசெப்ஷனில் "முடியாது" என்கிறார்கள்.

"அரை நாள் லீவு" என்று எழுதிய அண்ணைக்கு. பிள்ளைகளின் ஊசி எல்லா நாளும் போடுவதில்லை. பல சேர்ஜரிகளில் நேர்ஸ் ஊசிக்கென்று இருப்பது கிழமையில் ஒன்றிரண்டு அரை நாள்தான். அந்த நாளில் தாய்க்கு கெயார் ஹோமில் ஷிப்ற், தகப்பன் வெயார்ஹவுஸில். வராத மணித்தியாலத்துக்குச் சம்பளம் இல்லை. முதல் வருடம் 8, 12, 16 கிழமையிலும் ஒரு வயதிலும் போகவேண்டும். 2024 ஜூலை 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு 18 மாதத்திலும் ஒன்று வந்துவிட்டது. பிறகு 3 வயது 4 மாதத்தில். ஒவ்வொன்றுக்கும் லீவு எடுக்கக்கூடிய வேலை உங்களுக்கு இருந்தால் நல்லது. இல்லாதவர்களை ஏசாதீர்கள்.

"இன்னொரு நாள் போடலாம்தானே?" எல்லா ஊசிக்கும் அப்படி இல்லை. வயிற்றோட்டத்துக்கு வாயில் விடுகிற ரோட்டாவைரஸ் சொட்டு மருந்தின் முதல் தடவை 15 கிழமை நிறைவதற்கு முன் கொடுத்தாக வேண்டும். அது தாண்டினால் அந்தப் பிள்ளைக்கு அந்த மருந்து வாழ்நாளில் இல்லை. எம்எம்ஆருக்கு அப்படிக் கடைசித் தேதி இல்லை என்பது உண்மை, ஆனால் பிந்துகிற ஒவ்வொரு கிழமையும் பிள்ளை பாதுகாப்பு இல்லாமல்தான் இருக்கிறது. 2024இல் இங்கிலாந்தில் ஆய்வுகூடத்தில் உறுதியான சின்னமுத்து 2,900க்கு மேல். 2025 ஜூலையில் லிவர்பூலில் ஒரு பிள்ளை சின்னமுத்தோடு இறந்தது. 95 வீதத்துக்கு மேல் போட்டிருந்தால்தான் இந்த நோய் பரவாது. லண்டனில் ஐந்து வயதில் இரண்டு ஊசியும் போட்ட பிள்ளைகள் நாலில் மூன்று பங்குகூட இல்லை. இப்படியான ஊரில் ஊசிக்கென்று வாசலுக்கு வந்த பிள்ளையை ஊசி போடாமல் அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் அம்மம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

"அம்மம்மாமாருக்கு ஊசிக்குப் பிறகு என்ன செய்யிறது எண்டு தெரியாது" என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. தெரியவேண்டியது இவ்வளவுதான். 8, 12 கிழமை ஊசியில் மென் பீ இருப்பதால் காய்ச்சல் வரக்கூடும். வரும்வரை பார்த்திருக்காமல் ஊசி போட்டதும் குழந்தைகளுக்கான பரசிற்றமோல் 2.5 மில்லிலீற்றர், பிறகு 4 முதல் 6 மணித்தியால இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை. ஒரு வயது ஊசியில் எம்எம்ஆர்விக் காய்ச்சல் அன்றைக்கு வராது, ஒரு கிழமை பத்து நாள் கழித்து வரலாம், மேலில் சிவப்பாகப் போடவும் கூடும். சாதாரண மூக்கொழுகலுக்கு ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை, காய்ச்சலோடு சுகமில்லாமல் இருந்தால் மட்டும் தள்ளலாம். இதை ஒருமுறை தமிழில் சொன்னால் எந்த அம்மம்மாவும் உங்களையும் என்னையும்விடக் கவனமாகச் செய்வா. தமிழில் சொல்ல ஆள் கேட்கவும் உரிமை இருக்கிறது. சேர்ஜரியில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். அப்பொயின்ற்மென்ற் எடுக்கும்போதே தமிழ் என்று சொல்லவேண்டும், போய் நின்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. பத்து வயது மகனை அம்மாவின் வருத்தத்துக்கு மொழிபெயர்க்க வைக்கிறது இனியாவது நிற்கட்டும்.

போன் விசயத்துக்கு வருகிறேன். காலை 8 மணிக்கு எல்லோரும் அடித்துப்பிடிப்பது அன்றைய டொக்டர் அப்பொயின்ற்மென்றுக்கு. ஊசிக்கு டொக்டர் தேவையில்லை, ஆகவே 8 மணி வரிசையும் தேவையில்லை. 11 மணிக்குப் பிறகு எடுத்து, "பிராக்ரிஸ் நேர்ஸோடு பிள்ளையின் ஊசிக்கு" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். "பிள்ளைக்கு டொக்டரைப் பார்க்கவேணும்" என்று தொடங்கினால் வேறு வரிசைக்குள் போய்விடுவீர்கள். "இன்றைக்கு முடிஞ்சுது, நாளைக்கு எடுங்கோ" என்று அனுப்பிவிடவும் இப்போது அவர்களால் முடியாது. 2023இலிருந்து என்எச்எஸ்ஸோடு உள்ள ஒப்பந்தப்படி முதல் தொடர்பிலேயே உங்கள் தேவையைப் பார்த்து வழி சொல்லவேண்டும். 2025 ஒக்ரோபர் 1இலிருந்து அவசரமில்லாத கோரிக்கைகளுக்கான ஒன்லைன் படிவத்தை காலை 8 முதல் மாலை 6.30 வரை திறந்து வைத்திருக்கவேண்டும். 9 மணிக்கே மூடிவைத்திருந்தால் படம் எடுத்து வையுங்கள்.

ஊசிக்கு அழைப்பு வரவில்லை என்பவர்களில் பலருக்குக் காரணம் பழைய போன் இலக்கம்தான். பதியும்போது கொடுத்த இலக்கம் மாறியிருக்கும், ரெக்ஸ்ற் மெசேஜ் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும், சில நாளில் அந்த லிங்க்கும் செத்துவிடும். மற்றக் காரணம், பிள்ளையைப் பதியாமல் விட்டது. தாய் பதிந்திருந்தால் பிள்ளை தானாகச் சேராது. பிறப்புச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, ஆஸ்பத்திரியில் பிறந்ததுமே என்எச்எஸ் இலக்கம் கிடைத்துவிடும், அதோடு பதியலாம்.

பதிவு என்றதும் இதையும் சொல்லவேண்டும். ஜீபியில் பதிய பாஸ்போட் கட்டாயம் இல்லை. விலாசத்துக்குக் கரண்ட் பில் கட்டாயம் இல்லை. விசாவைக் காரணம் காட்டி மறுக்க உரிமை இல்லை. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு மற்றவர் அறையில் தங்கியிருக்கும் தம்பிக்கும் பதிவு உண்டு, மூன்று மாதத்துக்கு உட்பட்டுத் தங்க வந்த அம்மாவைத் தற்காலிகமாகப் பதியவும் வழி உண்டு. ஜீபியைப் பார்ப்பது எல்லோருக்கும் இலவசம், பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வேறு கணக்கு. மறுத்தால் காரணத்தை 14 நாளுக்குள் எழுத்தில் தரவேண்டும். "எழுத்தில தாங்கோ" என்று கேட்டதும் பல "முடியாது"கள் அந்த இடத்திலேயே "கொஞ்சம் பொறுங்கோ" ஆகிவிடும்.

"சும்மா கிடைக்கிறதுக்கு நன்றியா இருக்கவேணும்" என்று எழுதியவரே, சும்மா யாருக்குக் கிடைக்கிறது? ஹெல்த் அன்ட் கெயார் விசா அல்லாத வேலை விசாவில் வந்தவர் என்எச்எஸ்ஸுக்கென்று ஆண்டுக்கு 1,035 பவுண்ஸ் முன்கூட்டியே கட்டுகிறார், பிள்ளைக்கு 776. அதற்கு மேல் சம்பளத்தில் நஷனல் இன்சூரன்ஸ். அதே ஆஸ்பத்திரிகளில் இரவிரவாக வேலை செய்வதும் எங்கட சனம்தான். நன்றி இருக்கிறது. நன்றி இருக்கிறதால் உரிமையைக் கேட்கக்கூடாது என்று ஆகிவிடாது.

றிசெப்ஷனில் இருப்பவர்களும் பாவம், குறைந்த சம்பளம், நாள் முழுக்க ஏச்சு வாங்குகிறார்கள் என்று சொல்வீர்கள். உண்மைதான், அவர்களைக் கத்தாதீர்கள். ஆனால் விதி தெரியாமல் அவர்களை முன்னால் இருத்தியது சேர்ஜரி நிர்வாகம், கேட்கவேண்டிய ஆள் மனேஜர்.

ஊரில் போட்ட ஊசிகளின் அட்டையாலும் பெரிய குழப்பம் வருகிறது. பக்கத்து வீட்டுக்குத் திருச்சியிலிருந்து வந்த குடும்பத்தில் நாலு வயதுப் பிள்ளை. "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று தாய் சொல்கிறா, சேர்ஜரி மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. தமிழ்நாட்டு அரசு மையங்களில் போடுவது எம்ஆர், அதில் கூகைக்கட்டுக்கு மருந்து இல்லை. முதலாவது 9 மாதத்தில் போடுவது, ஒரு வயதுக்கு முன் போட்டதை இங்கே கணக்கில் எடுப்பதும் இல்லை. இலங்கையில் எம்எம்ஆர் 9 மாதத்திலும் 3 வயதிலும், ஆகவே இங்கே செல்லுவது 3 வயது ஊசி மட்டும், இன்னொன்று தேவை. அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக் கொடுத்து, தேதிகளை நேர்ஸோடு இருந்து பதியுங்கள். அட்டை தொலைந்துவிட்டால் போடாததாகவே எடுத்துத் திரும்பப் போடுவார்கள், அதனால் கெடுதல் இல்லை. பேசாமல் விட்டால், வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சின்னமுத்து வந்ததும் உங்கள் பிள்ளையை 21 நாள் வரை வீட்டில் வைத்திருக்கச் சொல்லக்கூடும். அப்போது எத்தனை அரை நாள் லீவு?

காசநோய்க்கான பிசிஜி ஊசியும் இப்படித்தான். ஊரில் பிறந்தவுடனே போடுவார்கள், இங்கே 2005இலிருந்து எல்லோருக்கும் இல்லை. ஆனால் தாய் தகப்பனோ தாத்தா பாட்டியோ காசநோய் கூடிய நாட்டில் பிறந்திருந்தால் பிள்ளைக்கு உண்டு, இலங்கையும் இந்தியாவும் அதற்குள் வரும். பிறந்து 28 நாளளவில், பெரும்பாலும் தனிக் கிளினிக்கில். "நாங்கள் போடுறதில்லை" என்று ஜீபி சொன்னால் அது பாதிப் பதில்தான், "எங்கே போடுவார்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

ஜூலையில் இலங்கைக்கு, நல்லூர்த் திருவிழாவுக்கென்று வெளிக்கிடுகிறவர்களே, நெருப்புக்காய்ச்சல் (ரைபோயிட்) ஊசியும் ஹெப்பற்றைற்றிஸ் ஏ ஊசியும் என்எச்எஸ்ஸில் இலவசம். விசர்நாய்க்கடிக்கு முன்கூட்டிப் போடுவதற்குக் காசு. பயணத்துக்கு ஆறு எட்டுக் கிழமைக்கு முன் கேளுங்கள். "எங்கட ஊர்தானே" என்று இங்கே பிறந்த பிள்ளையைச் சும்மா கொண்டுபோகாதீர்கள், அந்தப் பிள்ளையின் உடம்புக்கு அது புது ஊர்.

முறைப்பாடு எழுதினால் பதிவிலிருந்து வெட்டிவிடுவார்கள், விசாவில் பிரச்சினை வரும் என்று பயப்படுகிறீர்கள். முறைப்பாடு செய்ததற்காக வெட்ட முடியாது, அந்தக் கடிதத்தை உங்கள் மருத்துவக் கோப்பில் சேர்க்கவும் கூடாது. நடந்து 12 மாதத்துக்குள் மனேஜருக்கு எழுதலாம். அவரிடம் போக விருப்பமில்லை என்றால் உங்கள் பகுதி என்எச்எஸ் நிர்வாகமான ஐசிபிக்கு எழுதலாம். பதில் திருப்தி இல்லாவிட்டால் அதற்கு மேல் முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மன். தேதி, நேரம், யார் என்ன சொன்னார், இப்போது உங்களுக்கு என்ன வேண்டும், நாலு வரி போதும். ஆங்கிலம் வராதென்றால் தமிழில் எழுதி இன்பொக்ஸில் போடுங்கள், ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன்.