"1-1" என்று எழுதியவர் ஒருவர், சண்டை மூன்று பேருக்கு

உலகக் கோப்பை கால்பந்தில் நாக்-அவுட் சுற்று, அதாவது தோற்ற அணி வெளியேறும் சுற்று வந்தால் போதும், நம் யாங்கூன் டீக்கடைகளில் ஸ்கோர் கணிப்பு எழுதும் நோட்டுகளில் சண்டை ஆரம்பித்துவிடும். குழு ஆட்டங்கள் நடக்கும் வரை ஒரு தொல்லையும் இராது. பெயர், அணி, ஸ்கோர் என்று மூன்று பத்தி கோடு போட்டு ஆளாளுக்கு எழுதுவார்கள். மறுநாள் காலை மோகிங்கா சாப்பிட்டபடியே கணக்குப் பார்த்துக்கொள்வார்கள். அனோரத்தா ரோடு பக்கமானாலும் சிரியம் பக்கமானாலும் இதே கதைதான். நாக்-அவுட் தொடங்கியதும் அதே நோட்டை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பி இரண்டு நாள் பேசாமல் இருக்கிறார்கள்.

குற்றம் ஆட்டத்தின் மேலும் இல்லை, ஆளின் மேலும் இல்லை. கேள்விதான் தப்பு. "யார் ஜெயிப்பா?" என்பது குழுச் சுற்றில் ஒரு கேள்வி. நாக்-அவுட்டில் அதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. 90 நிமிடத்தில் ஸ்கோர் என்ன? அடுத்த சுற்றுக்குப் போவது யார்? இரண்டுக்கும் ஒரே கட்டத்தில் பதில் எழுதச் சொன்னால் எந்த நோட்டும் தாங்காது.

2018 கால் இறுதி, ரஷ்யா – குரோவேஷியா ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 90 நிமிடம் முடிந்தபோது 1-1. எக்ஸ்ட்ரா டைமில், அதாவது சமனானால் கூட்டி ஆடும் 30 நிமிடத்தில், ஆளுக்கு ஒரு கோல், 2-2. பெனால்டியில் குரோவேஷியா 4-3. இந்த ஆட்டத்துக்கு ஒருவர் 1-1 என்று எழுதியிருக்கிறார், இன்னொருவர் 2-2, மூன்றாவது ஆள் "குரோவேஷியா 2-1" என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் 90 நிமிடத்தைக் காட்டுவார். இரண்டாவது ஆள் பேப்பரில் அச்சான ஸ்கோரைக் காட்டுவார். மூன்றாவது ஆள், "ஜெயிச்சது யாருன்னு சொல்லு, ஸ்கோரெல்லாம் அப்புறம்" என்பார். மூன்று பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. விதி எழுதாத நோட்டில் தீர்ப்பு சொல்ல யாருக்கும் வாய் இல்லை.

2022-இல் குரோவேஷியா – பிரேசில் இதைவிட மோசம். 90 நிமிடத்தில் 0-0. எக்ஸ்ட்ரா டைம் முதல் பாதி முடியும் நேரத்தில் நெய்மர் போட்டார், 117-ஆவது நிமிடத்தில் பெட்கோவிச் சமன் செய்தார். ஏட்டில் நிற்பது 1-1, பெனால்டியில் 4-2. 0-0 எழுதியவர் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அதனால் நோட்டின் முதல் பக்கத்தில், யாரும் பெயர் எழுதும் முன்பே, ஒரு வரி எழுதுங்கள்: "ஸ்கோர் என்றால் 90 நிமிடமும் இஞ்சுரி டைமும் சேர்ந்தது, எக்ஸ்ட்ரா டைம் கோல் சேராது." இஞ்சுரி டைம் என்பதை, அதாவது ஆட்டத்தில் வீணான நேரத்துக்காக 90-க்கு மேல் நடுவர் சேர்ப்பதை, சொல்லித்தான் ஆகவேண்டும். 2022 கால் இறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக நெதர்லாந்தின் வெக்ஹோர்ஸ்ட் இரண்டாவது கோலைப் போட்டது 90+11-இல். கடிகாரம் நூறைத் தாண்டிவிட்டது, ஆனால் அது 90 நிமிடக் கணக்கில்தான் சேரும். அந்த ஆட்டத்தின் ஸ்கோர் 2-2. பாடி (ஒற்றை ஆட்டப் பந்தயம்), மவுங் (பல ஆட்டம் சேர்த்த சீட்டு) ஆடுகிறவர்களைக் கேட்டால் இதை உடனே சொல்வார்கள், அவர்கள் கணக்கு அங்கேதான் முடிகிறது. (அந்தப் பக்கம் போகச் சொல்லவில்லை. மவுங்கில் ஒரு ஆட்டம் தப்பினால் மொத்தச் சீட்டும் போச்சு. நோட்டுக்குப் பந்தயம் நாலு பேர் காலைச் சாப்பாட்டுக் காசோடு நின்றால் போதும்.)

பாயிண்ட் கணக்குக்கு நான் சொல்வது இது. 90 நிமிட ஸ்கோர் அப்படியே சரியாக இருந்தால் 3. ஸ்கோர் தப்பி, வெற்றியா டிராவா என்பது மட்டும் சரியென்றால் 1. மேலே போகும் அணி சரியென்றால் 2. எப்படி முடியும் என்பதற்கு, அதாவது 90 நிமிடமா, எக்ஸ்ட்ரா டைமா, பெனால்டியா என்பதற்கு இன்னொரு 1. ஆக ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 6. மேலே சொன்ன ரஷ்யா ஆட்டத்தில் "1-1, குரோவேஷியா, பெனால்டி" என்றவருக்கு 6. "1-1, ரஷ்யா, பெனால்டி" என்றவருக்கு 4. "2-2, குரோவேஷியா, பெனால்டி" என்றவருக்கு டிராவுக்கு 1, அணிக்கு 2, முடிவுக்கு 1, ஆக அவருக்கும் 4. "குரோவேஷியா 2-1" ஆளுக்கு 2. சண்டை போட இடமே இல்லை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: 1-1 என்று ஸ்கோர் எழுதிவிட்டு "90 நிமிடம்" என்று சிலர் எழுதுவார்கள். 2-0 எழுதிவிட்டுத் தோற்கும் அணியை மேலே அனுப்புகிறவர்களும் உண்டு. நோட்டு வைத்திருப்பவர் அதை அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆட்டம் முடிந்தபிறகு கண்டுபிடித்தால் அது வேறு சண்டை.

இப்போது நம் ரசிகர்களின் பெரிய நோய்க்கு வருகிறேன். டிரா எழுத மாட்டார்கள். எந்த நோட்டை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள், 2-1, 2-0, 3-1 என்று வரிசையாக நிற்கும். மனசுக்குப் பிடித்த அணி ஜெயிக்க வேண்டும் என்பதைத்தான் ஸ்கோராக எழுதுகிறார்கள். நடப்பது வேறு. 2014, 2018, 2022 மூன்று உலகக் கோப்பையிலும் நாக்-அவுட் ஆட்டங்கள் தலா 16, மொத்தம் 48. இவற்றில் 90 நிமிடத்தில் தீராமல் எக்ஸ்ட்ரா டைம் போனவை 8, 5, 5, ஆக 18. மூன்றில் ஒன்றுக்கும் மேலே. அந்த 18-இல் 13 பெனால்டி வரை போயின. எக்ஸ்ட்ரா டைமிலேயே முடிந்தவை ஐந்துதான், 2022-இல் ஒன்றுகூட இல்லை.

அந்த 18 ஆட்டங்களின் 90 நிமிட ஸ்கோரையும் பாருங்கள். 0-0 எட்டு, 1-1 எட்டு, 2-2 இரண்டே இரண்டு. 2018-இல் ஐந்துமே 1-1. 2014-இல் எட்டில் ஆறு 0-0. ஆகவே இரண்டும் சம பலம் என்று தோன்றினால் 0-0 அல்லது 1-1 எழுதுங்கள், கூடவே பெனால்டி என்று போடுங்கள். 2-2 எழுதுவது ஆசைக்கு எழுதுவது.

2026 உலகக் கோப்பையில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறலாம். 48 அணி, 12 குழு. ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு, அதோடு மூன்றாமிடம் வந்தவற்றில் நல்ல எட்டு, ஆக 32 அணி நாக்-அவுட்டுக்கு வருகின்றன. முதல் சுற்றின் 16 ஆட்டங்களில் எட்டில், குழுவில் முதலிடம் வந்த அணி மூன்றாமிடத்து அணியோடு மோதும். நான்கில் முதலிடமும் இரண்டாமிடமும். மிச்சம் நான்கில் இரண்டாமிடங்கள் தங்களுக்குள். என் கணிப்பில் முதல் எட்டில் டிரா குறைவாகவும், கடைசி நான்கில் நிறையவும் வரும். 32 அணி சுற்றில் டிராவை எங்கே செலவழிப்பது என்று தேடுகிறவர்கள் அந்த இரண்டாமிட ஆட்டங்களைப் பாருங்கள்.

சிலர் குழு ஆட்டம் முடியும் முன்பே இறுதி வரை யாரோடு யார், ஜெயிப்பது யார் என்று மரம் வரைந்து போட்டோ போடுகிறார்கள். அந்த மரம் நிற்காது. 12-இல் எந்த எட்டுக் குழுவின் மூன்றாமிடம் உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்து யாருக்கு யார் எதிரி என்பதே மாறும். அப்படி 495 விதம் உண்டு. ஸ்பெயின், அர்ஜென்டினா, பிரான்ஸ், இங்கிலாந்து நான்கும் அரை இறுதிக்கு முன் மோதாதபடி வைத்திருக்கிறார்கள் என்பது சரிதான், ஆனால் நான்கும் குழுவில் முதலிடம் பிடித்தால் மட்டும். ஒன்று இரண்டாமிடத்துக்குச் சறுக்கினாலும் மரத்தின் ஒரு கிளை இடம் மாறிப் போகும்.

குழு ஆட்டம் முடிந்தபின் வரைந்தாலும் அளவு தெரிந்து வரையுங்கள். பத்துக்கு ஏழு ஆட்டம் சரியாகச் சொல்கிற கெட்டிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். முதல் 16 ஆட்டத்தையும் அவர் ஒன்று விடாமல் சரியாகச் சொல்ல வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்றுதான். அதனால் மரம் போட்டிக்கு வேண்டாம், சுற்றுக்குச் சுற்று எழுத விடுங்கள். மரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பாயிண்டை 1, 2, 4, 8, 16 என்று இரட்டிக்காதீர்கள். அப்படி வைத்தால் சாம்பியனை மட்டும் குருட்டாம்போக்கில் சரியாகச் சொன்னவருக்கு, முதல் சுற்றின் 16 ஆட்டத்தையும் சொன்னவர் அளவுக்குப் பாயிண்ட் வந்துவிடும். 1, 2, 3, 5, 8 என்று வைத்தால் கடைசி வரை பலருக்கு உயிர் இருக்கும்.

பிரேசில் பக்கத்து அண்ணன்மார்கள் கோபிக்க வேண்டாம். 2002-க்குப் பிறகு அவர்களை வெளியேற்றியது யார் என்று பாருங்கள். 2006 பிரான்ஸ், 2010 நெதர்லாந்து, 2014 ஜெர்மனி, 2018 பெல்ஜியம், 2022 குரோவேஷியா. ஐந்து முறையும் ஐரோப்பிய அணி. அதில் நான்கு கால் இறுதி. நாக்-அவுட்டில் பிரேசிலுக்கு ஐரோப்பிய அணி வாய்த்தால் மஞ்சள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எழுதுங்கள், எழுதி முடித்தபின் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

பெனால்டி முடிந்ததும் வருகிற "எல்லாம் லாட்டரி" பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. லாட்டரி என்றால் குரோவேஷியாவுக்கே ஏன் திரும்பத் திரும்ப விழுகிறது? 2018-இல் இரண்டு, 2022-இல் இரண்டு, நான்கிலும் ஜெயித்தார்கள். ஜப்பானுக்கு எதிராக அவர்கள் கோல்கீப்பர் லிவாகோவிச் மூன்று உதையைத் தடுத்தார். 2014-இல் கோஸ்டாரிகா ஆட்டத்தில் நெதர்லாந்து, பெனால்டிக்கென்றே 120-ஆவது நிமிடத்துக்கு மேல் கோல்கீப்பரை மாற்றி டிம் க்ரூலை இறக்கியது. அவர் இரண்டைத் தடுத்தார். அதே அணி அடுத்த ஆட்டத்தில் மாற்ற ஆள் கணக்கு மிச்சம் வைக்காமல் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்றது. ஆக, 110-ஆவது நிமிடத்தில் ரசிகர் பார்க்க வேண்டியது பந்தை அல்ல, எத்தனை மாற்று ஆள் பாக்கி, உதைக்கத் தெரிந்தவர்கள் மைதானத்தில் இருக்கிறார்களா என்பதை. பயிற்சி செய்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. 2022-இல் ஸ்பெயின் மொராக்கோவிடம் உதைத்த மூன்றையும் கோட்டை விட்டது. முதலில் உதைப்பவருக்கே லாபம் என்பார்கள், அந்த ஆண்டு ஐந்து பெனால்டிச் சுற்றில் முதலில் உதைத்தவர்கள் ஜெயித்தது இரண்டில்தான்.

இடையில் ஒன்று. பர்மா அணி 1970 ஆசிய விளையாட்டு இறுதியில் பாங்காக்கில் தென் கொரியாவோடு 0-0 ஆடியது. எக்ஸ்ட்ரா டைமிலும் தீரவில்லை. இரண்டு நாட்டுக்கும் தங்கம் கொடுத்தார்கள். பெனால்டிச் சுற்றைச் சட்டத்தில் சேர்த்ததும் அதே 1970-இல்தான், அந்த இறுதிக்குச் சில மாதம் முன்பு. அந்த ஆட்டத்துக்கு யாராவது நோட்டு போட்டிருந்தால் "மேலே போவது யார்" கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்களோ!

அதிக கோல் போட்டவருக்குத் தரும் தங்கக் காலணிக்கும் சேர்த்து நோட்டு போடுகிறவர்களுக்கு: பெனால்டி சுற்றில் போடும் கோல் அதில் சேராது. 2022-இல் எம்பாப்பே 8, மெஸ்ஸி 7. இறுதி ஆட்டத்துப் பெனால்டிச் சுற்றில் இருவரும் போட்டதைக் கூட்டினால் கணக்கு தப்பும்.

நேரம் இன்னொரு குழி. 2026-இல் ஆட்டம் அமெரிக்கப் பக்கம்; அங்குள்ள கிழக்குக் கரை நேரத்தோடு பத்தரை மணி கூட்டினால் நம் மியன்மார் நேரம். அங்கே பகல் 12 என்றால் இங்கே இரவு 10.30. மாலை 3 என்றால் நள்ளிரவு தாண்டி 1.30. இரவு 9 என்றால் மறுநாள் காலை 7.30. தேதி மாறுவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். நோட்டில் நம் தேதியை மட்டும் எழுதுங்கள், இரண்டு தேதியும் எழுதினால் யாராவது ஒருவர் ஆட்டம் முடிந்தபிறகு வந்து பேனா கேட்பார்.

மூடும் நேரம் கிக்-ஆஃப் விசில். செல்போனில் பார்ப்பவருக்கு ஆட்டம் பிந்தி வரும், அதுவும் வி.பி.என். வழியாக என்றால் இன்னும் பிந்தும். பக்கத்துக் கடையில் டிஷ் வைத்திருப்பவர்கள் கோல் என்று கத்தியபிறகுதான் உங்கள் போனில் பந்து நடுக்கோட்டைத் தாண்டும். அந்த இடைவெளியில் "இப்ப கோல் விழும் பாரு" என்று கமெண்ட் போடுகிற ஞானிகள் இருக்கிறார்கள். அவர்கள் கணிப்பைக் கணிப்பில் சேர்க்க வேண்டாம்.

"நான் அப்பவே சொன்னேன்" பதிவுகளுக்கும் மருந்து இருக்கிறது. முகநூலில் ஒரு பதிவைத் திருத்தினால் பழைய எழுத்தும் திருத்திய நேரமும் அதன் திருத்த வரலாற்றில் இருக்கும். பதிவின் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டிப் பாருங்கள். கமெண்டில் என்றால் "திருத்தப்பட்டது" என்ற சொல்லைத் தொட்டாலே போதும். இதற்குப் பயந்து பதிவையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறவர்களும் உண்டு. அதனால் முக்கியமான ஆட்டத்துக்கு விசில் ஊதும் முன் நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள்.

இறுதி ஆட்டம் அங்கே ஜூலை 19 ஞாயிறு மாலை 3 மணி. நமக்கு 20-ஆம் தேதி திங்கள் அதிகாலை 1.30. பெனால்டி வரை போனால் நாலரை மணி ஆகிவிடும். ஞாயிறு சாயங்காலம் கரண்ட் இருக்கும்போதே பேட்டரியை நிரப்பிவிடுங்கள். நோட்டையும் கடை மூடும் முன் எழுதி முடித்துவிடுங்கள், அந்த நேரத்தில் கதவைத் தட்டிப் பேனா கேட்டால் கடைக்கார மாமா எழுந்து வரமாட்டார்.